பூஜ்யம் சரியான விடைதான்

மெரிதா, வெனிசுவேலா
9 செப்டம்பர் 2018

பேராசிரியர் அனிபால் சல்செதோ அவர்களுக்கு,

கொம்பாத்ரே என்று தொடங்க மனம் வரவில்லை. என் மகள் மரியேலாவுக்கு நீங்கள் பத்ரினோவாக, ஞானத்தந்தையாக நின்றதால் நமக்குள் வந்த உறவுப்பெயர் அது; நான் உங்களுக்குக் கொமாத்ரே. ஊரைவிட்டுப் போகிறவர் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போயிருந்தால் அந்தப் பெயர் இன்னும் என் வாயில் வந்திருக்கும். பல்வலி, சான் கிறிஸ்தோபாலில் டாக்டரைப் பார்த்துவிட்டுத் திங்கட்கிழமை வந்துவிடுவேன் என்றீர்கள். திங்கட்கிழமை உங்கள் ஆய்வகச் சாவி என் தபால் பெட்டியில் கிடந்தது. எந்தப் பல்லுக்குச் சிலி வரைக்கும் போகவேண்டும் என்று மாணவர்கள் என்னைக் கேட்டார்கள். உங்கள் நான்காமாண்டு வகுப்பையும் சேர்த்து நான்தான் எடுத்தேன். குவாண்டம் பாடத்தை முந்தின நாள் படித்து மறுநாள் சொல்லிக்கொடுத்தேன். கரும்பலகைப் பக்கம் திரும்பி நிற்கும்போது மட்டும்தான் எனக்கு நிம்மதி.

இந்தக் கடிதம் காரியத்துக்காக. என் முனைவர் பட்டப் பதிவு வருகிற ஜூன் மாதக் கடைசியில் காலாவதியாகிறது. பதினொரு வருடமாக இழுத்துக்கொண்டிருப்பதை இனிமேலும் நீட்டித்துத் தரமாட்டார்களாம். வழிகாட்டி என்ற இடத்தில் உங்கள் பெயர் இருக்கிறது. ஆள் இல்லை. துறைத்தலைவர் தாவிலா பெயரளவுக்கு அந்த இடத்தில் உட்காரச் சம்மதித்திருக்கிறார். நீங்கள் விலகிக்கொள்வதாக ஒரு கையெழுத்துப் போட்டால் போதும். தாளைத் தட்டச்சு செய்து வைத்திருக்கிறேன்.

தொலைபேசிக் கம்பியை வெட்டிக்கொண்டு போய்விட்டார்கள், தெருவோடு யாருக்கும் இணையம் இல்லை. கைபேசியில் உங்கள் குரலைக் கேட்க எனக்கு விருப்பமும் இல்லை. அதனால்தான் காகிதம். கொண்டுவருகிற பெண் மீயா தெருக்காரி, அவள் தம்பி உங்கள் பக்கத்தில்தான் எங்கோ இருக்கிறானாம்.

நீங்கள் கேட்கமாட்டீர்கள், இருந்தாலும் ஆய்வு எங்கே நிற்கிறது என்று சொல்லிவிடுகிறேன். வானொலிக் கோபுரத்திலிருந்து வருவது அலை என்று முதலாண்டில் நான் சொல்லித்தருகிறேன். அதே ஒளிதான் ஃபோட்டான் என்ற துணுக்குகளாக வருகிறது என்று நான்காமாண்டில் நீங்கள் சொல்லித்தந்தீர்கள். ஒரே கட்டடம், கீழ்மாடியில் ஒரு உண்மை, மேல்மாடியில் ஒரு உண்மை. நடுவில் படிக்கட்டு எங்கே என்று காட்டுவதுதான் என் வேலை என்று நீங்கள்தான் தலைப்புக் கொடுத்தீர்கள். துணுக்குகளை மேலும் மேலும் சேர்த்துக்கொண்டே போனால் அலை வந்துவிடும் என்று நினைத்தேன். பத்து ஃபோட்டான் இருக்கும்போது மின்புலத்தின் சராசரியைக் கணக்கிட்டேன். பூஜ்யம். ஆயிரத்துக்குப் போட்டேன். பூஜ்யம். கோடிக்குப் போட்டாலும் பூஜ்யம். மூன்று வருடமாக எங்கே தப்பு என்று தேடுகிறேன், நீங்கள் இங்கே இருந்தபோது காட்ட வெட்கமாக இருந்தது.

கையெழுத்தை அனுப்புங்கள்.

ஒடிலியா உஸ்காத்தெகி


சாண்டியாகோ, சிலி
14 அக்டோபர் 2018

ஒடிலியா,

கையெழுத்துப் போட்டிருக்கிறேன். பழைய கையெழுத்து மாதிரி இருக்காது. விரல் சரியாக மடங்கவில்லை. பழச்சந்தையில் லாரியிலிருந்து பெட்டி இறக்குகிறேன். விடியுமுன்னே தொடங்கினால் மதியம் வரை. பல்கலைக்கழகத்தில் இருக்கிறேன் என்று உங்கள் தெருவில் யாராவது சொல்லியிருந்தால் அது என் அம்மா பரப்பியது. அவர் சந்தோஷத்துக்கு விட்டுவிடுங்கள்.

இங்கே என்னை எல்லோரும் வாத்தியார் என்கிறார்கள். முதல் வாரத்தில் ஒரு பெட்டி கையைவிட்டு நழுவியபோது மேஸ்திரி கேட்டார்:

"வாத்தியாரே, அங்க என்ன பாடம் எடுத்தீரு?"

"இயற்பியல்."

"அப்ப இது ஏன் கீழ விழுந்துச்சுன்னு உமக்கே தெரியும். நான் சொல்லவேண்டியதில்ல."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். கெட்டவர் இல்லை.

சொல்லாமல் வந்ததைப் பற்றி. சொல்லியிருந்தால் நீங்கள் போகாதே என்றிருப்பீர்கள். நீங்கள் சொல்கிற காரணம் ஒவ்வொன்றும் நியாயமாக இருந்திருக்கும். அந்த வாதத்துக்கு எனக்குத் தெம்பு இல்லை. அப்போது என் பெல்ட்டில் புதிதாக நான்கு ஓட்டை போட்டிருந்தேன். பார்த்திருப்பீர்கள், சொல்லவில்லை.

இயற்பியலைப் பற்றி என்னிடம் கேட்காதீர்கள். ஒரு வருடமாக ஒரு சமன்பாட்டைப் பார்க்கவில்லை. அந்தப் பக்கம் நினைவே போவதில்லை. அறையில் ஆறு பேர். படுத்தால் தூங்கிவிடுகிறேன்.

மரியேலாவுக்கு ஒரு ஸ்வெட்டர் அனுப்பியிருக்கிறேன். பழையது, ஆனால் கம்பளி.

அனிபால்

பி.கு. பூஜ்யம் சரியான விடைதான். நீங்கள் கணக்கில் தப்புப் பண்ணவில்லை.


மெரிதா
18 நவம்பர் 2018

அனிபால்,

உங்கள் பின்குறிப்பைப் படித்துவிட்டு அந்தத் தாளைக் கசக்கி எறிந்தேன். பிறகு பொறுக்கி எடுத்து நீவினேன், ஏனென்றால் கையெழுத்துப் போட்ட தாள் அதன் பின்பக்கத்தில் ஒட்டியிருந்தது.

மூன்று வருடமாக ஒருத்தி தப்பைத் தேடுகிறாள். தப்பே இல்லை என்று ஒரு வரியில் சொல்லிவிட்டு நீங்கள் தூங்கப் போய்விட்டீர்கள். பூஜ்யம் சரி என்றால் நான் எதைச் சமர்ப்பிப்பது? கோபுரத்திலிருந்து வருகிற அலையின் சராசரி பூஜ்யம் இல்லையே. பேட்டரி வானொலியில் வானிலை வாசிக்கிறவன் குரலை இப்போதுகூடக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். கீழ்மாடியும் உண்மை, மேல்மாடியும் உண்மை, படிக்கட்டு மட்டும் கிடையாது என்கிறீர்களா?

தாவிலாவிடம் உங்கள் தாளைக் கொடுத்தேன். மனிதர் மூடியையே கழற்றாமல் பேனாவை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"ஒடிலியா, ஒரு விஷயம் கேக்கட்டுமா? கோபப்படக் கூடாது."

"கேளுங்க."

"இந்தப் பட்டம் வந்து உங்களுக்கு என்ன ஆகப்போகுது? சம்பளம் ஏறினாலும் ஒரு அட்டை முட்டைகூட வாங்க முடியாது. விட்டுடுங்களேன். யாரும் உங்களைத் தப்பா நினைக்கமாட்டாங்க."

"நினைக்க யாரு இருக்கா?" என்றேன்.

அவர் பேனா மூடியைக் கழற்றிக் கையெழுத்துப் போட்டார். மாடியில் உங்கள் அறையில் இப்போது உடைந்த நாற்காலிகளைப் போட்டு வைத்திருக்கிறார்கள். பக்கத்து அறை பூட்டு. அதற்குப் பக்கத்து அறைக்காரர் போன மாதம் எக்வடோர் போய்விட்டார், சொல்லிவிட்டு.

ஸ்வெட்டர் மரியேலாவுக்குப் பிடித்திருக்கிறது. கழற்றுவதே இல்லை. பல்மருத்துவம் படித்துக்கொண்டிருந்தாள், உங்களுக்குத் தெரியும். வாத்தியார்கள் இல்லாமல் ஒரு வருடமாக வகுப்பே நடக்கவில்லை. இப்போது ஒரு ரொட்டிக்கடையில் நிற்கிறாள். கடைசி வரைக்கும் ரொட்டி இருக்கும் நாட்களில் ஒன்று கொண்டுவருகிறாள். "பத்ரினோ எனக்கு ஏதாச்சும் எழுதினாரா?" என்று கேட்டாள். உங்கள் கடிதத்தில் அவளுக்கென்று ஒரு வரியும் இல்லை. "விசாரிச்சிருக்கார்" என்று பொய் சொன்னேன்.

விளக்கம் அனுப்புகிறீர்களா, அல்லது நானும் நாற்காலிகளோடு சேர்ந்துகொள்ளட்டுமா?

ஒடிலியா


சாண்டியாகோ
20 ஜனவரி 2019

ஒடிலியா,

உங்கள் கடிதம் கிறிஸ்துமஸுக்குப் பிறகு கிடைத்தது. பதில் எழுதக் கூடாது என்றுதான் இருந்தேன். தர்பூசணி வரத்து, முதுகு நிமிரவில்லை. ஆனால் பெட்டி தூக்கும்போது வாய் எண்ணுவதற்குப் பதிலாக வேறு எதையோ முணுமுணுக்கத் தொடங்கிவிட்டது. மேஸ்திரி கேட்டார், "யாரைத் திட்டுறீரு?" சாப்பாட்டு நேரத்தில் வாழைப்பழ அட்டைப்பெட்டியைக் கிழித்து அதில் எழுதிப்பார்த்தேன். என் கை மறக்கவில்லை, மூளைதான் மறந்ததுபோல நடித்திருக்கிறது. எனக்கே கொஞ்சம் எரிச்சலாக இருந்தது.

சொல்கிறேன். அலை என்றால் என்ன? ஒரு இடத்தில் நின்று பார்த்தால் மின்புலம் ஏறுகிறது, இறங்குகிறது. எப்போது உச்சிக்கு வரும் என்று நம்மால் சொல்லமுடிய வேண்டும். அது முடியாவிட்டால் அலை இல்லை. இப்போது உங்கள் பெட்டிக்குள் சரியாக ஆயிரம் ஃபோட்டான் இருக்கின்றன, ஒன்று கூடவும் இல்லை, குறையவும் இல்லை என்கிறீர்கள். எத்தனை என்பதை அவ்வளவு துல்லியமாகப் பிடித்தால், எப்போது என்பது முழுக்கக் கையைவிட்டுப் போய்விடுகிறது. உச்சி இந்தக் கணமும் இருக்கலாம், அடுத்த கணமும் இருக்கலாம், எல்லாக் கணத்துக்கும் ஒரே வாய்ப்பு. ஏற்றமும் இறக்கமும் சமமாக அடித்துக்கொண்டு போகும். சராசரி பூஜ்யம். ஆயிரத்தைக் கோடியாக்கினாலும் கோடிதான் என்று உறுதியாக நிற்கிறவரை அதே கதி. வெறும் எண்ணிக்கை அலையைத் தராது. நீங்கள் மூன்று வருடமாக அதைத்தான் திரும்பத் திரும்ப நிரூபித்திருக்கிறீர்கள். அது உங்கள் இரண்டாம் அத்தியாயம். தப்பு என்று கிழித்துப்போட்டிருந்தால் மறுபடி எழுதுங்கள்.

மூன்றாம் அத்தியாயத்துக்கு எண்ணிக்கையை விட்டுவிடுங்கள். கோபுரத்துக் கம்பியில் மின்னோட்டம் மேலும் கீழும் ஓடுகிறது. அது எத்தனை ஃபோட்டான் விடுகிறோம் என்று கணக்குப் பார்த்து விடுவதில்லை. ஒன்றும் இல்லாத வெறும் புலத்தை அது தள்ளுகிறது, அவ்வளவுதான். அப்படித் தள்ளினால் கிடைக்கும் நிலையில் ஆயிரமும் ஆயிரத்தொன்றும் தொள்ளாயிரத்துச் சொச்சமும் ஒன்றின்மேல் ஒன்றாகக் கலந்து இருக்கும். எத்தனை என்பது கொஞ்சம் கலங்கலாக இருப்பதால்தான் எப்போது என்பது கொஞ்சம் தெளிகிறது. இந்த நிலையில் மின்புலத்தின் சராசரியைப் போட்டுப் பாருங்கள். சராசரியைச் சுற்றியுள்ள நடுக்கத்தையும் போட்டுப் பாருங்கள். அலை எவ்வளவு பெரிதானாலும் அந்த நடுக்கம் வளர்கிறதா என்று கவனியுங்கள். விடையை நான் சொல்லமாட்டேன். எனக்குத் தெரியும் என்பதற்காக உங்கள் ஒரே சந்தோஷத்தை ஏன் கெடுக்கவேண்டும்.

இதோடு ஒரு தனித் தாள் இருக்கிறது, மரியேலாவுக்கு. பொய்யை மெய்யாக்கிவிடுங்கள்.

அட்டைப்பெட்டியைக் கொடுத்தனுப்ப முடியாது. ஈரம், அழுகின வாடை.

அனிபால்


மெரிதா
31 மார்ச் 2019

கொம்பாத்ரே,

இந்த மாதத் தொடக்கத்தில் நாடு முழுக்க மின்சாரம் போனதைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். எங்களுக்கு இன்னும் ஒழுங்காக வரவில்லை. வந்தால் எல்லோரும் ஒரே நேரத்தில் அடுப்பைப் போடுவதால் மறுபடி போகிறது. கீழ்வீட்டுக்காரர்களோடு சேர்ந்து முற்றத்தில் விறகு மூட்டிப் பால்விட்ட உருளைக்கிழங்குக் கஞ்சி வைத்துக் குடித்தோம். பல்கலைக்கழகம் மூடியிருந்தது. எனக்கு ஒரு வேலையும் இல்லை. தெற்கு ஜன்னலோரம் மேசையைப் போட்டு, மலையில் பனிமூட்டம் இறங்கி இருட்டுகிறவரை நீங்கள் சொன்னதைச் செய்தேன்.

சராசரியைப் போட்டேன். இரண்டு பக்கம் நிறைய அடைசலாக வந்தது, பிறகு ஒவ்வொன்றாக அடிபட்டுப்போய்க் கடைசியில் நின்றது மாக்ஸ்வெல் சமன்பாடுகள். கிட்டத்தட்ட அல்ல. அப்படியே. முதலாண்டில் இருபது வருடமாக நான் பலகையில் எழுதுகிற அதே வரிகள். நடுக்கத்தையும் போட்டேன். ஒரு ஃபோட்டானும் இல்லாத வெறுமையில் எவ்வளவு நடுங்குமோ அவ்வளவேதான், அலை எவ்வளவு பெரிதானாலும். பெரிய அலையின் முதுகில் அது ஒன்றுமே இல்லை. அதனால்தான் மாக்ஸ்வெல்லுக்கு அது தெரியவில்லை, எனக்கும் வானொலியில் கேட்கவில்லை. பேனாவை வைத்துவிட்டு மரியேலாவைக் கூப்பிட்டேன். அவள் வாளியைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

"என்னம்மா, கரண்ட் வந்துடுச்சா?"

"இல்ல. மாக்ஸ்வெல் வந்துட்டார்."

"யாரு?"

"ஒண்ணுமில்ல, போ."

ஒரு நாள் முழுக்கச் சந்தோஷமாக இருந்தேன். மறுநாள் உங்கள்மேல் கோபம் வந்தது. இது வேறு கோபம், பழையதில் சேர்க்காதீர்கள்.

நீங்கள் என்ன செய்தீர்கள் என்று பாருங்கள். கோபுரத்தில் ஓடும் மின்னோட்டத்தை எடுத்த எடுப்பிலேயே பழைய இயற்பியலின் மின்னோட்டமாக வைத்துக்கொண்டீர்கள். எந்தக் கணத்தில் எவ்வளவு என்று அச்சடித்ததுபோல. ஆனால் மின்னோட்டமும் எலக்ட்ரான்கள்தானே? எலக்ட்ரானும் குவாண்டம்தானே? பழைய மின்னோட்டத்தைப் போட்டால் பழைய அலை வருகிறது என்றால் அதில் என்ன அதிசயம்? மாக்ஸ்வெல்லைப் பின்வாசல் வழியாக உள்ளே விட்டுவிட்டு முன்வாசலில் வந்து வரவேற்கிறீர்கள். தேர்வுக்குழுவில் சான் கிறிஸ்தோபால்காரர் பாரியோஸ் இருக்கிறார். அவர் இதைக் கேட்காமல் விடமாட்டார். சொல்லுங்கள், அந்த மின்னோட்டம் ஏன் அப்படி இருக்கிறது?

இன்னொன்று. மரியேலா போகிறேன் என்கிறாள். உங்களிடத்துக்கு. நீங்கள் அனுப்பிய தனித்தாளில் என்ன எழுதினீர்கள் என்று அவள் காட்டவில்லை, நான் கேட்கவும் இல்லை. கூப்பிட்டு எழுதினீர்களா? எழுதியிருந்தால் எழுதினேன் என்று சொல்லிவிடுங்கள். "நீங்களும் வாங்க" என்கிறாள். சமர்ப்பித்துவிட்டுப் பார்க்கலாம் என்றேன். "எல்லாரும் கிளம்பிட்டாங்க, நீங்க யாருகிட்ட சமர்ப்பிக்கப்போறீங்க?" என்று கேட்டாள். அவள் குத்திக்காட்டச் சொல்லவில்லை. நிஜமாகவே தெரியாமல் கேட்டாள். அதுதான் தாங்கமுடியவில்லை.

ஒடிலியா


சாண்டியாகோ
22 ஏப்ரல் 2019

கொமாத்ரே,

நான் கூப்பிடவில்லை. சாப்பாடு இருக்கிறதா, படிக்கிறாயா என்றுதான் எழுதினேன். ஆனால் வராதே என்றும் எழுதவில்லை. வந்தால் பேருந்து நிலையத்தில் நிற்பேன். ஒரு வயதான தம்பதி வீட்டில் தனி அறை ஒன்று காலியாகிறது, மாதம் பிறந்தால் நான் அங்கே மாறிவிடுவேன். அவளுக்கு அறை, எனக்குக் கூடத்தில் கட்டில்.

உங்கள் கேள்விக்கு எனக்கு விடை தெரியாது.

இதை எழுத மூன்று நாள் ஆனது. எங்காவது ஒளித்து வைத்திருக்கிறேனோ என்று உள்ளுக்குள் தேடிப்பார்த்தேன். இல்லை. அந்த மின்னோட்டத்தை "கொடுக்கப்பட்டது" என்று பலகையில் எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போவது என் வழக்கம். எனக்குச் சொல்லிக்கொடுத்தவரும் அப்படித்தான் போனார். இத்தனை வருடத்தில் ஒரு மாணவரும் கையைத் தூக்கவில்லை. வீட்டின் அஸ்திவாரம் எங்கே என்று கேட்டால் பாயைக் காட்டியிருக்கிறேன்.

ஒன்று மட்டும் தோன்றுகிறது, இது விடை இல்லை. ஒரு ஃபோட்டான் கிளம்பிப் போனதற்குக் கோபுரத்துக்குள் அடையாளம் மிஞ்சுகிறதா? மிஞ்சினால் எண்ணிக்கை எங்கோ பதிவாகிவிடும். பதிவானால் அலை கெடும். மிஞ்சவில்லை என்றால் ஏன் மிஞ்சவில்லை? இதற்குமேல் என்னால் போகமுடியவில்லை. போன வாரம் இடுப்பு பிடித்துக்கொண்டது. மேஸ்திரி என்னை எடைமேடைக்கு மாற்றியிருக்கிறார். உட்கார்ந்த வேலை, ஆனால் மூட்டை மூட்டையாக எண் எழுதிவிட்டு வந்து மறுபடி எண்ணைப் பார்க்கத் தலை மறுக்கிறது.

நீங்கள் கண்டுபிடியுங்கள். நான் வழிகாட்டி இல்லை, கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன்.

பாரியோஸிடம் பயப்படாதீர்கள். அவருக்கும் தெரியாது.

அனிபால்


மெரிதா
1 ஜூன் 2019

கொம்பாத்ரே,

முடிந்தது. நேற்று முன்தினம்.

மின்சாரம் இல்லை. தாவிலா கெஞ்சிக் கூத்தாடி ஒரு ஜெனரேட்டர் கேட்டிருந்தார், அது வந்தது, பெட்ரோல் வரவில்லை. அறை இருட்டு. "தள்ளிவச்சுக்கலாமா?" என்றார். அடுத்த வாரம் மட்டும் என்ன கிழியப்போகிறது? பலகையை நடைவழி ஜன்னலடிக்குத் தூக்கிக்கொண்டு போனோம். பாரியோஸ் அதன் ஒரு காலைப் பிடித்தார், பாவம், சான் கிறிஸ்தோபாலிலிருந்து காய்கறி லாரியில் ஏறி வந்திருந்தார், கோட்டு முழுக்கக் கோஸ் இலை. மூன்றாவது தேர்வாளர் கணிதத்துறை அம்மாள். அவர் தன் சாக்குக்கட்டியை எனக்குக் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு உட்கார்ந்தார்.

பூஜ்யத்தைச் சொன்னேன். கலங்கலைச் சொன்னேன். சராசரியை எடுத்து மாக்ஸ்வெல்லைக் கொண்டுவந்தேன். பாரியோஸ் அசையவே இல்லை. கடைசியில் கேட்டார்:

"அப்ப மாக்ஸ்வெல் சொன்னது தப்பா, ஒடிலியா?"

"தப்பில்ல. சமன்பாட்டுல ஒரு எழுத்தும் மாறல. அந்த எழுத்து எதைக் குறிக்குதுங்கறதுதான் மாறுது. அவருக்கு அது ஒவ்வொரு இடத்துலயும் நிக்கிற ஒரு எண். நமக்கு அது அளக்கறப்பல்லாம் கொஞ்சம் ஆடுற ஒண்ணு. அந்த ஆட்டத்துக்குச் சராசரி எடுத்தா அவரோட எண் வருது."

"சரி. மின்னோட்டத்தை மட்டும் ஆடாம நிறுத்தி வச்சிருக்கீங்களே, அது யாரு வீட்டுச் சொத்து?"

கேட்பார் என்று எழுதியிருந்தேன் அல்லவா? அதே கேள்வி.

உங்கள் கடிதத்தில் இருந்த அந்த ஒரு கேள்வியை வைத்துக்கொண்டு மே மாதம் முழுக்க உட்கார்ந்திருந்தேன். சொன்னேன்: "கோபுரத்துல ஓடுறது எண்ண முடியாத எலக்ட்ரான் கூட்டம். அதுலேர்ந்து ஒரு ஃபோட்டான் போனா, போறதுக்கு முன்னால இருந்த கூட்டத்துக்கும் பின்னால இருக்கிற கூட்டத்துக்கும் வித்தியாசம் சொல்ல முடியாது. ரெண்டு நிலையும் கிட்டத்தட்ட ஒண்ணுதான். எவ்வளவு கிட்டத்தட்டன்னு கணக்குப் போட்டிருக்கேன், நாலாம் அத்தியாயம். எத்தனை போச்சுன்னு அங்க எதுவும் பதியல. பதியாததாலதான் கலங்கல் அப்படியே இருக்கு, அலை நிக்குது. கூட்டம் சின்னதாக ஆக இது தளரும். ஒத்தை அணுவா இருந்தா உடைஞ்சே போகும். ஒரு ஃபோட்டானை விட்டா அந்த அணு கீழே இறங்கிடுது. பார்த்தாலே தெரியும், ஒண்ணு போயிருக்குன்னு. அங்க மாக்ஸ்வெல் மட்டும் போதாது."

தாவிலா மெதுவாகச் சொன்னார், "நம்ம துறை இப்ப ஒத்தை அணு."

கணித அம்மாள் ஜன்னலைப் பார்த்தார். பிறகு பாரியோஸ்தான் முதலில் சிரித்தார், அவர் சிரித்ததும் எல்லோரும் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தோம். அதற்கப்புறம் அவர் விடவில்லை. அந்தக் கூட்டத்தைத் தாளம் தப்பாமல் தள்ளிக்கொண்டிருக்கிற மின்கருவி எதிலிருந்து தன் தாளத்தை எடுக்கிறது, அதற்கு முன்னால் எது என்று கேட்டார். "தெரியாது" என்றேன். "எனக்கும் தெரியாது" என்றார். அதையும் குறிப்பில் எழுதிக்கொண்டார். தேர்ச்சி. சான்றிதழ் அச்சடிக்கத் தாள் இல்லையாம், வந்ததும் தருவார்களாம்.

மரியேலா கடைசிப் பத்து நிமிடம் வந்தாள், கடை உடுப்போடு, நடைவழிக் கோடியில் நின்றாள். கைதட்டினாள். சேர்ந்தே வீட்டுக்கு வந்தோம். படியேறும்போது சொன்னாள், "நீங்க முடிச்சிட்டீங்க. இப்ப நான் போகலாம்ல?" இவள் இத்தனை மாதமும் எனக்காகக் காத்திருந்திருக்கிறாள், கொம்பாத்ரே. நான் அவளைப் பிடித்து நிறுத்தி வைத்திருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

நாளைக் காலை கிளம்புகிறாள். எல்லைப் பாலம் மூடியிருக்கிறது, ஆற்றில் இறங்கித்தான் கடக்கவேண்டும். மீயா தெருப் பிள்ளைகள் இருவர் கூடப் போகிறார்கள். பிறகு கொலம்பியா, எக்வடோர், பெரு என்று பஸ் மாறி மாறி. இந்தக் கடிதத்தையும் ஆய்வின் ஒரு பிரதியையும் அவள் பையில் வைத்திருக்கிறேன். பை நனைந்தால் ஆய்வை விட்டுவிடச் சொல்லியிருக்கிறேன்.

நான் வரவில்லை. செப்டம்பரில் முதலாண்டு வகுப்பு இருக்கிறது. யார் வருவார்கள் தெரியாது. மின்காந்தவியலை இந்த முறை வேறு மாதிரித் தொடங்கவேண்டும் என்று இருக்கிறது. களைப்பாக இருக்கிறது, ஆனால் எப்படித் தொடங்குவது என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

அவளை எதுவும் கேட்காதீர்கள். சாப்பிட வையுங்கள்.

ஒடிலியா


சாண்டியாகோ
30 ஜூன் 2019

கொமாத்ரே,

வந்து சேர்ந்த அன்றே போன் பண்ணி மூன்று வார்த்தை சொன்னாள், உங்களுக்கு லைன் அறுந்துவிட்டது. மீதியை நான் எழுதுகிறேன்.

மெலிந்திருக்கிறாள். ஒரு நாள் முழுக்கத் தூங்கினாள். எழுந்ததும் வீட்டுக்காரக் கிழவி கொடுத்த ரொட்டியில் பாதியைத் தின்றுவிட்டு மீதியைத் துணியில் சுற்றி வைத்தாள். நான் பார்க்காததுபோல இருந்தேன். இப்போது என்னோடு சந்தைக்கு வருகிறாள், ஒரு எலுமிச்சைக் கடையில் நிற்கிறாள். வருகிற ஆளையெல்லாம் நம் ஊர் மரியாதையோடு "வாங்க, உங்களுக்கு என்ன வேணும், சொல்லுங்க" என்கிறாள். இங்கே யாரும் அப்படிப் பேசுவதில்லை. கேலி பண்ணினார்கள். இப்போது அந்தக் கடையில்தான் வரிசை நிற்கிறது.

மாலையில் குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுகிறாள். தண்ணீர்ச் சத்தத்தில் கேட்காது என்று நினைக்கிறாள். நான் கதவைத் தட்டுவதில்லை. வெளியே வந்ததும் சூப்பைச் சுடவைக்கிறேன்.

ஆய்வு நனையவில்லை. எடைமேடையில் லாரிக்கும் லாரிக்கும் நடுவில் படித்து முடித்தேன். மூன்றாம் அத்தியாயத்தில் ஒரு கழித்தல் குறி தப்பு, அடுத்த வரியில் தானே சரியாகிவிடுகிறது. பாரியோஸ் பார்க்கவில்லை போலிருக்கிறது. நாலாம் அத்தியாயத்தை இரண்டு முறை படித்தேன். முதல் முறை குறை கண்டுபிடிக்க. இரண்டாம் முறை சும்மா. அதைப்பற்றி ஒன்றும் எழுதத் தெரியவில்லை. நாற்பது வயதில் அதை நான் எழுதியிருந்தால் ஊரைவிட்டு வந்திருப்பேனா என்று ஒரு நிமிடம் தோன்றியது. வந்திருப்பேன். பசி வேறு, இது வேறு.

நேற்றுச் சாப்பிடும்போது மரியேலா கேட்டாள்:

"பத்ரினோ, அம்மா பதினொரு வருஷமா என்னதான் கண்டுபிடிச்சாங்க?"

"உங்கிட்ட சொல்லலயா?"

"நான் கேட்டா ஒண்ணுமில்ல, போன்னுடுவாங்க."

"உனக்குப் புரியாதுன்னு இல்ல..."

"எனக்குப் புரியாதுன்னுதான். அன்னிக்கு நடைவழியில நின்னேன். அம்மா அப்படிப் பேசி நான் பார்த்ததே இல்ல. நல்லாயிருந்தாங்க. என்ன பேசினாங்கன்னு ஒரு எழுத்தும் புரியல. நீங்க சொல்லுங்களேன்."

நான் சொல்லவில்லை. சொல்ல எனக்குத் தெரியும், அட்டைப்பெட்டி வேண்டிய மட்டும் இருக்கிறது. ஆனால் அது உங்களுடையது. அவளுக்கு எழுதுங்கள். எனக்கு எழுதியதுபோல அல்ல, சமன்பாடு இல்லாமல், கோபம் இல்லாமல். செப்டம்பர் வகுப்பை எப்படித் தொடங்குவது என்று யோசிக்கிறீர்கள் அல்லவா, அவளிடம் தொடங்குங்கள்.

கொஞ்சம் பெரிய எழுத்தாக எழுதுங்கள். கண்ணாடியைப் பெருவில் பஸ்ஸில் தொலைத்துவிட்டாள். உங்களிடம் சொல்லக் கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கியிருக்கிறாள்.

அனிபால்